போயிட்டு வந்தவர்

கண் விழித்ததும் பெரியவர் முதலில் கால் கட்டைவிரலை ஆட்டிப் பார்க்கிறார். வலது விரல் உடனே ஆடும். இடது விரல் கொஞ்சம் யோசித்துவிட்டு ஆடும். பிறகு கைவிரல்களை மடக்கி நீட்டுவார், நாக்கை வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றுவார், ஒரு தடவை இருமிப் பார்ப்பார். எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பது தெரிந்ததும் மேலே பார்த்து, “இன்னைக்கும் விட்டுட்டீங்களா?” என்று கேட்பார். கேள்வி ஆண்டவருக்கு. பதில் வருவது சமையலறையிலிருந்து.

“மாமா, இருக்கீங்களா?”

“இருக்கேம்மா.”

“டீ போடவா?”

“அதுக்குத்தானே இருக்கேன்.”

வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுத் திடுக்கிட்டுப் போவார்கள். மருமகளுக்கு இது பால் பொங்கிவிட்டதா என்று பார்ப்பது போல ஒரு வேலை, அவ்வளவுதான். மாமனாரின் குரல் கேட்டால் அடுப்பைப் பற்றவைப்பாள். கேட்காவிட்டால் வந்து எட்டிப் பார்ப்பாள். எட்டிப் பார்க்கும் நாட்களில் அவர் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு சும்மா படுத்திருப்பார். “வந்து பாக்குறியான்னு பாத்தேன்” என்பார். அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

எண்பதைத் தாண்டி வெகு காலம் ஆகிறது. வயதைக் கேட்டால் சரியாகச் சொல்லமாட்டார். “வேதத்துல மனுஷனுக்கு எழுபது போட்டிருக்கு. உடம்பு தெம்பா இருந்தா எண்பது. அதுக்கு மேல ஓடுறது ஆண்டவர் கைமறதியா விட்டது. நாமளா போய் ஞாபகப்படுத்தலாமா?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். மேல்வரிசைப் பற்கள் போய்விட்டன. கீழ்வரிசையில் மிஞ்சியிருப்பவை, பேருந்தில் இடம் பிடித்துவிட்டவர்களைப் போல விலகாமல் உட்கார்ந்திருக்கின்றன.

வீட்டின் முன்பக்கம் கண்ணாடிக் கடை. கடையும் வீடும் அவர் உண்டாக்கியவை. இப்போது நடத்துவது இளைய மகன். மரச் சட்டங்களில் கண்ணாடிகள் உயரவாரியாகச் சாய்ந்து நிற்கும். ஒன்றைக்கூடக் கிடைமட்டமாக வைக்க விடமாட்டார். “கண்ணாடியையும் மனுஷனையும் படுக்க வைக்கக் கூடாது. தன் பாரத்துலயே விரிசல் விட்டுப்போகும்” என்பது அவர் கட்சி. பெரிய வேலைகளை மகன் பார்த்துக்கொள்கிறான். கடிகார முகப்பு, புகைப்படச் சட்டம், மேசை விளக்கின் பக்கவாட்டுக் கண்ணாடி என்று சின்னச் சின்ன வேலைகள் வாசலோரம் நாற்காலி போட்டிருக்கும் பெரியவருக்கு வரும்.

அவர் கண்ணாடி வெட்டுவதைப் பார்க்க வேண்டும். கம்பளி விரித்த மேசையில் கண்ணாடியை வைத்து, கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாகக் கீறுவார். கண் கோட்டில் இருக்காது. தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்திருப்பார். கீறல் சரியாக விழுந்தால் புதுத்துணி கிழிகிற சத்தம் வரும். சரியில்லை என்றால் கரகரக்கும். கரகரத்தால் அந்தக் கண்ணாடியை ஓரமாக வைத்துவிடுவாரே தவிர, விட்ட இடத்தில் திரும்பக் கீறமாட்டார். “ஒரு தடவைதான். அதே கோட்டுல மறுபடி போனா கட்டரும் போச்சு, கண்ணாடியும் போச்சு” என்பார்.

சபையில் யார் இறந்தாலும் அடக்கத்துக்கு முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்காருவார். வயதாகி, பேரன் பேத்திகளைப் பார்த்து, ஒருவருக்கும் பாக்கி வைக்காமல் போனவர்களின் அடக்கம் என்றால் அவருக்கு ஒரு திருப்தி. கதிர் முற்றிக் களத்துக்கு வந்து சேர்வது மாதிரி மனிதன் போக வேண்டும் என்று வேதம் சொல்கிறதல்லவா, அந்த மாதிரி. வீட்டுக்கு வந்து மருமகளிடம், “நல்ல அடக்கம்மா. காலத்துல போனாரு” என்பார். ஆனால் பக்கத்து வீட்டுத் தையல்காரரின் மகள், கல்யாணத்துக்குத் துணி எடுத்து வைத்திருந்த பெண், காய்ச்சலில் போனபோது அவர் உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தார். அவள் படத்துக்கான கண்ணாடியை மகனைத் தொடவிடாமல் தானே வெட்டி, ஓரங்களைக் கல்லில் வெகு நேரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் வேதத்திலிருந்து எதுவும் சொல்லவில்லை. “இதுக்கு ஆண்டவர்தான் பதில் சொல்லணும்” என்று மட்டும் சொன்னார்.

தெருவில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘போயிட்டு வந்தவர்’. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை என்று தெருக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும். அந்தப் பெயர் வந்த கதையில்தான் அவருடைய எல்லாத் தொல்லையும் இருக்கிறது.

பல வருஷங்களுக்கு முன்பு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் ஏறி, மருந்துக்கு மசியவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார். வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். பெரியவருக்கோ ஒரு நிறைவு வந்துவிட்டது. எழுபதைத் தாண்டியாயிற்று, மனைவி பக்கத்தில் இருக்கிறாள், பிள்ளைகள் இரண்டு பேரும் தலையெடுத்துவிட்டார்கள், இதைவிட நல்ல நேரம் எது? வேதத்தில் முற்பிதாக்கள் பிள்ளைகளை ஆசீர்வதித்துவிட்டு எப்படிப் போனார்களோ அப்படியே போவது என்று முடிவு கட்டிவிட்டார். முதுகுக்கு இரண்டு தலையணை கொடுக்கச் சொல்லி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிள்ளைகளைக் கூப்பிடச் சொன்னார்.

முதலில் மனைவி. இத்தனை வருஷம் திட்டியதற்கெல்லாம் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் ஓவென்று அழுதாள். அடுத்தது இளையவன். தலையில் கை வைத்து, வெகு நேரம் ஜெபம் பண்ணி, கடையையும் தன் கட்டரையும் அவனுக்குக் கொடுத்தார். கடைசியில் மூத்தவன். அவன்தான் பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து கடையில் பாரம் சுமந்தவன். அவனை மேலும் கீழும் பார்த்து, “உன் கை அவசரக் கைடா. கண்ணாடிக்கு ஆகாது. தம்பிகூட இருந்து பொழச்சுக்கோ” என்றார். மனிதன் சாகும்போது உண்மையைத்தான் பேச வேண்டும் என்று அவருக்கு அப்போது தோன்றியது.

மூத்தவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். “எனக்கு ஒண்ணுமே இல்லையாப்பா?” என்று கேட்டான்.

பெரியவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. இதுதான் போலிருக்கிறது என்று நினைத்து, “சரி, நான் போயிட்டு வரேன்” என்று எல்லோரிடமும் பொதுவாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

அது மரணம் இல்லை, தூக்கம். விடிந்தபோது காய்ச்சல் இறங்கி, சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, “டீ இல்லையா?” என்று கேட்டார். மனைவி அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், ஸ்தோத்திரம் சொன்னார்கள். மூத்தவன் மட்டும் அப்பா பிழைத்துவிட்டார் என்பதை வாசலில் நின்று பார்த்தான். பிறகு உள்ளே போய்த் தன் துணிமணியை எடுத்துக்கொண்டு, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

செத்தவர் சொன்னதைத் திருத்த முடியாது. சாகாதவர் சொன்னதைத் திருத்தலாம். இது தெருவில் எல்லோருக்கும் தெரிந்தது, பெரியவரால் மட்டும் திருத்த முடியவில்லை. முதல் சில மாதங்கள் அவருக்கு உயிரோடு இருப்பதற்கே வெட்கமாக இருந்தது. அத்தனை விமரிசையாக விடைபெற்றுவிட்டு மறுநாள் அதே பாயில் உட்கார்ந்து சாப்பிடுவது என்றால் சும்மாவா? மனைவி வேறு விடமாட்டாள். எதற்காவது குரலை உயர்த்தினால் போதும், “அன்னைக்கு மன்னிப்புக் கேட்டீங்களே, அது இன்னும் செல்லுமா, இல்ல காலாவதி ஆயிடுச்சா?” என்று கேட்பாள். அந்தக் கேலியோடு இன்னும் சில வருஷம் இருந்துவிட்டு அவள் போய்ச் சேர்ந்தாள். வெட்கம் தணிந்தபோது ரோஷம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவனாக வரட்டும் என்று இவர் இருந்தார். இவராகக் கூப்பிடட்டும் என்று அவன் இருந்தான்.

மூத்தவன் தெருவின் அந்தக் கோடியில் அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறை வைத்தான். நன்றாகவே நடக்கிறது. ஜன்னலுக்குக் கண்ணாடி வேண்டுமே? தம்பி கடை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் அவன் வண்டி வைத்து வெளியூரிலிருந்து கண்ணாடி இறக்குகிறான். வழியில் பாதி விரிசல் விட்டுவிடும். அப்படியும் இங்கே வரமாட்டான். நல்லது கெட்டதுக்கு வந்தால் அப்பாவிடம் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பான். தம்பியிடம் ஒரு வார்த்தை கிடையாது. தம்பி பக்கத்திலேயே நின்றாலும் சுவரைப் பார்ப்பதுபோலத்தான்.

போன வருஷம் சபையில் ஆதியாகமம் படித்துக்கொண்டிருந்தார்கள். ஈசாக்கு கண் மங்கி, தான் சாகப்போவதாக எண்ணி, மூத்தவன் என்று ஏமாந்து இளைய மகனுக்கு ஆசீர்வாதத்தைக் கொடுத்துவிடுகிற இடம் வந்தது. பெரியவருக்குத் தெரிந்த கதைதான். அதற்கப்புறம் போதகர் சொன்னதுதான் தெரியாதது. ஈசாக்கு அன்றைக்குச் சாகவில்லை. அதற்குப் பிறகும் பல பத்து வருஷம் உயிரோடு இருந்தார்.

பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். “அவரும் சாகலையா?”

சபை கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு போதகரைப் பிடித்துக்கொண்டார். போதகர் வயதில் சின்னவர், பொறுமைசாலி.

“ஐயா, அந்தப் பிள்ளைங்க ரெண்டு பேரும் அப்புறம் சேர்ந்தாங்களா?”

“சேர்ந்தாங்க. வழியில பாத்து, கட்டிப் பிடிச்சு அழுதாங்க. கடைசியில ஈசாக்கு பூரண வயசுல இறந்தப்ப ஏசாவும் யாக்கோபும் சேர்ந்துதான் அடக்கம் பண்ணாங்க.”

“அடக்கம் பண்ணத்தான் சேர்ந்து வந்தாங்க, சரி. கட்டிப் பிடிச்சதை அப்பா பாத்தாரா?”

போதகர் வேதத்தைப் புரட்டினார். “அப்படி ஒண்ணும் எழுதல.”

“எழுதியிருக்க மாட்டாங்க. அவருக்குத்தான் கண்ணே தெரியாதே” என்றார் பெரியவர்.

அன்றிலிருந்து அவருக்கு ஈசாக்கின்மேல் கோபம். இத்தனை வருஷம் கையில் கொடுத்தும் மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று மருமகளிடம் கேட்பார். “மாமா, நீங்க யாரைக் கேக்குறீங்க?” என்று அவள் திருப்பிக் கேட்டால் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

இந்த வருஷம் கால் வீங்கத் தொடங்கியது. தடி வந்தது. ஒரு மத்தியானம் மூச்சு முட்டி, நாற்காலியில் இருந்தபடியே சரிந்துவிட்டார். டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டு, இதயம் களைத்துவிட்டது, இனி எப்போது வேண்டுமானாலும் என்றார். இளையவன் சொல்லி மருமகள் மூத்தவனுக்கு ஃபோன் போட்டாள். பதற்றத்தில் ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து மூத்தவனின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“போன தடவை மாதிரியா? நடந்தா சொல்லும்மா. கண்டிப்பா வந்துடறேன்.”

பெரியவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவருக்குக் காது மட்டும் இன்னும் பழுதில்லை. அவன் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னான். அடக்கத்துக்கு இரண்டு பேரும் வருவார்கள், பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடிப்பார்கள், தான் பார்க்கப்போவதில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, வெகு நேரம் சத்தம் வராமல் அழுதார்.

வேதத்தில் எசேக்கியா ராஜாவும் இப்படித்தான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுது கூடுதல் ஆயுள் வாங்கினார் என்று அழுகையின் நடுவிலேயே அவருக்கு ஞாபகம் வந்தது. உடனே பேரத்தில் இறங்கிவிட்டார். “எனக்கு ராஜாவுக்குக் கொடுத்த அளவு வேண்டாம். அன்னைக்கு நானா வரேன்னு கெளம்புனேன், நீங்க விடல. இப்ப கூப்பிட்டா நான் வர்றதா இல்ல. அவனுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கு. இந்தத் தடவை படுத்துகிட்டுச் சொல்ல மாட்டேன். கொஞ்சம் நிக்க வைங்க.” தினமும் காலையில் கேலியாகக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்று மனசாரக் கேட்டார்.

எழுந்து உட்கார்ந்து நாலு அடி நடக்கத் தொடங்கிய வாரத்தில், சபை மண்டபத்தின் பெரிய முகப்பு ஜன்னல் கண்ணாடி பந்து பட்டு உடைந்தது. உடைத்தது யார் என்று போதகர் விசாரித்துக்கொண்டிருந்தார். “யாரா இருந்தா என்ன, நல்லா இருக்கட்டும்” என்று பெரியவர் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னபோது போதகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியவர் அவரை ஓரமாகக் கூட்டிப் போனார்.

“ஜன்னல் சட்டமும் உளுத்துப்போச்சு. புதுச் சட்டத்தை மூத்தவன்கிட்டச் சொல்லுங்க. கண்ணாடியை இளையவன்கிட்டச் சொல்லுங்க. ரெண்டு பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லுங்க. ஒருத்தன் வர்றதை இன்னொருத்தன்கிட்டச் சொல்லாதீங்க.”

“ஏமாத்துற மாதிரி இருக்குமே ஐயா…”

“ஈசாக்கு வீட்டுல நடக்காத தில்லுமுல்லா? ஆண்டவர் பொறுத்துக்கலையா? நீங்க பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாம், சும்மா இருங்க போதும்.”

கண்ணாடித் தொழிலில் ஒரு விதி உண்டு. ஆளுயரத்துக்கு மேற்பட்ட கண்ணாடியை இரண்டு பேர் தூக்கும்போது வாயை மூடக் கூடாது. முன்னால் போகிறவனுக்கு மட்டும்தான் வழி தெரியும். பின்னால் வருகிறவனுக்குக் கண்ணாடியும் அதில் தெரிகிற தன் முகமும்தான் தெரியும். ஆகவே படி வந்தால் படி என்றும், திரும்பினால் திரும்புகிறேன் என்றும் முன்னவன் சொல்ல வேண்டும். காதில் விழுந்தது என்பதற்குப் பின்னவன் சரி சொல்ல வேண்டும். சரி வராமல் அடுத்த அடி எடுத்துவைக்கக் கூடாது. இந்த விதியை இரண்டு மகன்களுக்கும் அடித்துச் சொல்லிக் கொடுத்தவர் பெரியவர்தான்.

குறித்த நாளன்று கண்ணாடியை வண்டியில் ஏற்றியதும், கடைப் பணியாளரை இளைய மகனுக்குத் தெரியாமல் வேறொரு வீட்டுக்கு அளவெடுக்க அனுப்பிவிட்டு, அவனோடு வண்டியில் ஏறிக்கொண்டார். மண்டப வாசலில் கண்ணாடி வண்டியிலேயே நின்றது. இளையவன் கையுறையை மாட்டிக்கொண்டு பணியாளரைத் தேடினான்.

“ஆள் எங்கப்பா?”

“அனுப்பிட்டேன்.”

“இதை நான் ஒருத்தனா எப்படி எறக்குறது?”

“உள்ள ஒருத்தன் இருக்கான் பாரு.”

இளையவன் எட்டிப் பார்த்தான். புதுச் சட்டத்துக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்த மூத்தவனும் அதே நேரத்தில் திரும்பிப் பார்த்தான். இரண்டு பேருக்கும் முகம் இறுகிப்போனது. பாவம் போதகர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு, “நான் ஒரு பக்கம் பிடிக்கிறேனே” என்று முன்னால் வந்தார்.

“ஐயா, உங்களுக்குப் பிரசங்கம் வரும், கண்ணாடி வராது. தள்ளி நில்லுங்க” என்றார் பெரியவர்.

“ஆள் வரட்டும். நான் இருக்கேன்” என்றான் மூத்தவன், யாரையும் பார்க்காமல்.

“அவன் வரச் சாயங்காலம் ஆகும். கண்ணாடி வெயில்ல நிக்குது.”

பெரியவருக்கு மூச்சு இரைத்தது. கொஞ்சம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் காரியம் உடனே நடந்துவிடும். அது அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று தடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். இவன் இப்போது கிளம்பிப் போய்விட்டால் இன்னொரு ஜன்னல் உடையும் வரை தான் இருக்கப்போவதில்லை. கண்ணாடி கைதவறி உடைந்தால் அத்தோடு எல்லாம் முடிந்தது. மூத்தவன் திருப்புளியைக் கீழே வைத்தான். பைக்குள்ளிருந்து பழைய கையுறையை எடுத்து மாட்டினான்.

வண்டியிலிருந்து இறக்கினார்கள். மூத்தவன் முன்னால், இளையவன் பின்னால். மூத்தவன் வாயைத் திறக்காமல் நடந்தான். சில அடிகள் போனதும் பின்னால் இளையவன் நின்றுவிட்டான். கண்ணாடியும் நின்றது.

“பேசாம தூக்கக் கூடாது” என்றான் இளையவன்.

மூத்தவன் எதிரே இருந்த படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“படி.”

“சரி.”

“இன்னொரு படி.”

“சரி.”

“நிலை தட்டும். லேசா சாய்க்குறேன்.”

“சரி.”

“இடது பக்கம் திரும்புறேன், பாத்து.”

“சரிண்ணா.”

அந்த வார்த்தை தானாக வந்து விழுந்தது. விழுந்ததும் இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியவர் துடைக்கவில்லை, அவருக்கு வேலை இருந்தது.

சட்டத்துக்கு எதிரே வந்துவிட்டார்கள். கண்ணாடியை இறக்குவதற்கு முன் தரையில் இரண்டு மரக்கட்டைகள் வைக்க வேண்டும். கட்டைகள் பெரியவரின் பக்கத்தில் பெஞ்சின்மேல் இருந்தன.

“கட்டையை வைங்கப்பா” என்றான் இளையவன்.

பெரியவர் கட்டையை எடுக்காமல் தடியை ஊன்றி ஊன்றி மூத்தவனின் பக்கம் போனார். முழுக் கண்ணாடியின் பாரத்தில் அவன் கைநரம்புகள் புடைத்திருந்தன. வியர்வை புருவத்தில் தேங்கி நின்றது.

“குனிடா” என்றார்.

“கண்ணாடி கையில இருக்குப்பா.”

“தெரியும். இல்லாட்டி நீ போயிடுவ.”

மூத்தவன் கண்ணாடியின் விளிம்பை மாற்றிப் பிடித்தான்.

“அன்னைக்கு நீ ஒண்ணு கேட்ட. எனக்குத் தூக்கம் வந்துடுச்சு. செத்துட்டேன்னு நினைச்சுட்டேன்டா, இல்லாட்டி பதில் சொல்லியிருப்பேன்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “உன் கையைப் பத்தி நான் சொன்னது தப்பு. எனக்கு அன்னைக்கு ஒண்ணும் தெரியல. பெரிய முற்பிதான்னு நினைப்பு.”

மூத்தவனின் தாடை நடுங்கியது. கை நடுங்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இளையவனின் முகம் தெரிந்தது.

“குனிண்ணா. நான் பிடிச்சுக்கிறேன்” என்றான் அவன். கண்ணாடியைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டான்.

மூத்தவன் கண்ணாடியை விடாமல் தலையை மட்டும் தாழ்த்தினான். உச்சியில் அவனுக்கும் முடி நரைத்திருந்தது. பெரியவர் வலது கையை அதன்மேல் வைத்தார். ஜெபம் ஏதாவது சொல்வார் என்று போதகர் கண்ணை மூடிக் காத்திருந்தார். பெரியவர் கையை எடுக்கவே இல்லை. கண்ணாடியின் பாரத்தில் இளையவன், “அப்பா, கை வலிக்குது” என்றான்.

“பொறுடா. உனக்கு அன்னைக்கு எவ்வளவு நேரம் வச்சேன்!”

சொல்லிவிட்டு, இடது கையில் ஊன்றியிருந்த தடியை விட்டார். அது தரையில் விழுந்து பெஞ்சுக்கு அடியில் உருண்டு போனது. காலியான அந்தக் கையையும் தூக்கி மூத்தவனின் தலைமேல் வைத்து, தன் பாரம் முழுவதையும் அவன்மேல் சாய்த்துக்கொண்டு நின்றார்.